எந்த ஜீன் என்று தெரியாமல் எந்த பவுடரும் வேண்டாம்: மைட்டோகாண்ட்ரியா நோயும் அமினோ அமிலங்களும்

கோயம்புத்தூரில் தெருவுக்கு ஒரு ஜிம் வந்த பிறகு மெடிக்கல் ஷாப் அலமாரியின் முகமே மாறிவிட்டது. குளுக்கோஸ் டப்பாவும் கிரைப் வாட்டரும் இருந்த தட்டில் இப்போது பிசிஏஏ, குளூட்டமின், ஆர்ஜினின், டாரின். வாங்க வருபவர்கள் எல்லோரும் உடம்பை ஏற்ற நினைக்கும் இளவட்டங்கள் இல்லை. பிள்ளைக்கு மைட்டோகாண்ட்ரியா நோய் என்று எழுதிய சீட்டோடு வரும் பெற்றோரும் உண்டு. "ஏனுங்ணா, இந்த அமினோ ஆசிட் பவுடரக் குடுத்தாப் பையனுக்குத் தெம்பு வந்துருமுங்களா?" என்று கேட்கிறார்கள்.

அசட்டுக் கேள்வி இல்லை அது. டாரின் என்ற அதே பொருளை மைட்டோகாண்ட்ரியா நோய் ஒன்றுக்கு மருந்தாகக் கொடுக்க 2019-இல் ஜப்பான் அரசு அனுமதி கொடுத்தது. ஆர்ஜினினை உலகின் பல பெரிய ஆஸ்பத்திரிகளில் நரம்பில் ஏற்றுகிறார்கள். சிஸ்டீன் சில கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. ஆனால் இவை மூன்றும் மூன்று வெவ்வேறு காரணத்துக்காக, மூன்று வெவ்வேறு குறைகளைக் குறிவைத்துக் கொடுக்கப்படுகின்றன. 'மைட்டோகாண்ட்ரியாவுக்கு அமினோ அமிலம்' என்று ஒரே வைத்தியமாக அவற்றைச் சேர்த்துச் சொல்வதில்தான் குழப்பம் பிறக்கிறது. ஜீனில் எந்த எழுத்து மாறியிருக்கிறதோ, அதனால் உடம்பில் எந்தப் பொருளுக்குத் தட்டுப்பாடு வந்திருக்கிறதோ, அந்தப் பொருளைத்தான் கொடுக்க வேண்டும். வேறொன்றைக் கிலோக் கணக்கில் கொடுத்தாலும் பயனில்லை.

செல்லுக்குள் சாப்பாட்டை எரித்துச் சக்தி எடுக்கும் சின்ன உறுப்பு மைட்டோகாண்ட்ரியா என்பது பள்ளிக்கூடப் பாடம். அதற்கென்று தனியாக டிஎன்ஏ இருப்பதுதான் நமக்கு முக்கியம். 16,569 எழுத்துகள் கொண்ட சின்ன வளையம் அது. அதில் 37 ஜீன்கள். 1981-இல் கேம்பிரிட்ஜில் முழுதாகப் படித்து முடித்தார்கள். அந்த 37-இல் 13 மட்டுமே புரதம் செய்யச் சொல்பவை. 22 ஜீன்கள் கடத்து ஆர்என்ஏ செய்பவை, அதாவது அமினோ அமிலங்களைச் சுமந்துவரும் ஆர்என்ஏ. மீதி 2, புரதம் கோக்கும் ரைபோசோமுக்கு. மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய மற்ற ஆயிரத்துச் சொச்சம் புரதங்களின் குறிப்பு செல்லின் உட்கருவில் இருக்கிறது. ஆகவே பழுது இரண்டு இடத்திலிருந்தும் வரலாம். இங்கிலாந்தின் வடகிழக்கில் எடுத்த கணக்கு, பெரியவர்களில் சுமார் 4,300 பேருக்கு ஒருவருக்கு இந்த வகைப் பழுதால் நோய் உண்டு அல்லது வரக்கூடும் என்கிறது. அரிய நோய் என்று ஒதுக்கிவிடுகிற அளவுக்கு அரியது இல்லை.

டாரின் கதை இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, காரணமும் மருந்தும் அச்சுப் பொருந்துகிற அபூர்வம் அது என்பதால். மெலாஸ் என்று ஒரு நோய். பள்ளிக்கூடம் போகிற வயதிலோ வாலிபத்திலோ தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, பிறகு பக்கவாதம் மாதிரி ஒரு தாக்குதல். ஸ்கேனில் பார்த்தால் மூளையில் பாதித்த இடம் எந்த ஒரு ரத்தக்குழாயின் எல்லைக்கும் அடங்காது. அதனால்தான் 'பக்கவாதம் போன்ற' என்கிறார்கள். இது வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் 3243-ஆம் எழுத்து மாறியிருக்கும். 1990-இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தது. அந்த எழுத்து லியூசின் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் கடத்து ஆர்என்ஏவின் ஜீனில் உள்ளது.

புரதம் உருவாகும் இடத்தைத் திருப்பூர் பனியன் கம்பெனியின் பவர் டேபிளாக நினைத்துப் பாருங்கள். டெய்லர் தைத்துக்கொண்டே போகிறார். பக்கத்தில் நிற்கும் கைமடிகள் அளவுச் சீட்டைப் பார்த்து அடுத்த துண்டை எடுத்து நீட்டுகிறார்கள். டெய்லர் ரைபோசோம், துண்டு அமினோ அமிலம், கைமடி கடத்து ஆர்என்ஏ. லியூசின் துண்டைக் கொடுக்கும் கைமடி சீட்டின் கடைசி எழுத்தைச் சரியாகப் படிக்க வேண்டுமென்றால் அவர் விரல் நுனியில் டாரின் ஒட்டியிருக்க வேண்டும். கடத்து ஆர்என்ஏவில் டாரின் உட்காரும் இந்த ஏற்பாட்டை டோக்கியோவில் சுசூகி குழுவினர் 2002-இல் வெளியிட்டார்கள். 3243 மாறினால் டாரின் ஒட்டாமல் போகிறது. சில குறிச்சொற்களைக் கைமடியால் படிக்க முடியாமல், வேலை பாதியில் நிற்கிறது.

அப்படியானால் டாரினை ஏராளமாகக் கொடுத்தால், ஒட்டும் வாய்ப்பு கொஞ்சம் கூடாதா? அதைத்தான் ஒகயாமாப் பக்கத்துக் கவாசாகி மருத்துவக் கல்லூரி முன்னின்று சோதித்துப் பார்த்தது. 10 நோயாளிகள், உடல் எடையைப் பொறுத்து நாளைக்கு 9 அல்லது 12 கிராம், 52 வாரம். ஆறு பேருக்குத் தாக்குதல் முழுதாக நின்றது. வருஷத்துக்குச் சராசரி 2.22 என்றிருந்த தாக்குதல் 0.72-க்கு இறங்கியது. ரத்த வெள்ளணுக்களை எடுத்துப் பார்த்தபோது சிலரிடம் டாரின் ஒட்டும் அளவு உண்மையாகவே கூடியிருந்தது. முடிவு 2018-இல் வந்தது, மறு வருஷம் அனுமதி.

பத்தே பேர் என்பதையும், மருந்தில்லாத வெறும் பொடி வாங்கி ஒப்பிடப்பட்ட எதிர்க்குழு ஒன்றும் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. மெலாஸ் தாக்குதல்கள் தாமாகவே கூடும், குறையும். ஆனாலும் நோயின் வேரில் உள்ள குறையை நேராகக் குறிவைத்த மருந்து என்பதால் நான் இதற்குக் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

இதைப் படித்துவிட்டு எனர்ஜி டிரிங்க் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 250 மில்லி டப்பாவில் வழக்கமாக 1 கிராம் அளவுக்கு டாரின் இருக்கும். 12 கிராமுக்கு 12 டப்பா. அதோடு சேர்ந்து உள்ளே போகும் காபினும் சர்க்கரையும் வலிப்பு வரக்கூடிய பிள்ளையை எங்கே கொண்டு நிறுத்தும் என்று சொல்லத் தேவையில்லை. ஜிம் டப்பா மட்டும் யோக்கியமா என்றால், அதன் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும். 2016-இன் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் இருந்தாக வேண்டும். பொடி எழுத்தில் இருக்கும். இந்தியச் சட்டத்தில் அது உணவு. உணவுக்குரிய சோதனைதான் அதற்கு, மருந்துக்குரியது அல்ல.

ஆர்ஜினின் விஷயம் வேறு. கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் அதைப் பார்த்திருப்பீர்கள்: வயிற்றுப் பிள்ளையின் வளர்ச்சி போதவில்லை என்று மகப்பேறு மருத்துவர் எழுதும் ஆரஞ்சு வாசனைச் சாஷே, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. அங்கே என்ன நினைத்துக் கொடுக்கிறார்களோ அதேதான் மெலாஸிலும். ஆர்ஜினினிலிருந்து உடம்பு நைட்ரிக் ஆக்ஸைடு செய்கிறது, நைட்ரிக் ஆக்ஸைடு ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. மெலாஸ் நோயாளிகளின் ரத்தத்தில் ஆர்ஜினின் குறைவாக இருப்பதைக் குருமே பல்கலைக்கழகத்தின் யசுடோஷி கோகா கவனித்தார். தாக்குதல் வந்த உடனே நரம்பில் ஏற்றினால் அறிகுறிகள் குறைகின்றன என்று 2005-இல் எழுதினார். அதன் பிறகு இது உலகெங்கும் பரவியது. உடல் எடைக்குக் கிலோவுக்கு அரை கிராம் என்ற அளவு அமெரிக்க நிபுணர் குழுவின் பரிந்துரையிலும் ஏறியது.

பரவிய வேகத்துக்கு ஆதாரம் வளரவில்லை. மருந்தில்லாத எதிர்க்குழுவோடு முறையாக ஒப்பிட்ட பெரிய சோதனை இன்றைக்கும் கிடையாது. தாக்குதலுக்கு ரத்தக்குழாய்தான் காரணமா என்பதிலேயே சண்டை இருக்கிறது. சக்தி இல்லாமல் தவிக்கும் நரம்புச் செல்கள் வலிப்பில் சிக்கிக்கொள்கின்றன, அந்த வலிப்பே இன்னும் சக்தியைத் தின்று மூளையைக் காயப்படுத்துகிறது என்பது பிரிட்டனின் நியூகாசில் குழுவின் வாதம். அந்தப் பக்கத்து நிபுணர்கள் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி, வலிப்பை உடனடியாக, கடுமையாக அடக்குங்கள் என்கிறது. ஆர்ஜினினை வழக்கமாகக் கொடுக்கச் சொல்லவில்லை. எனக்கு இந்தப் பக்கத்தின் வாதம் கூடுதல் வலுவாகத் தெரிகிறது. அதற்காக ஆர்ஜினின் ஏற்றும் டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். கையில் வேறு எதுவும் இல்லாத நேரத்தில், ஓரளவு பாதுகாப்பானதை முயல்கிறார். ஆனால் ஆர்ஜினின் பாட்டிலுக்காகக் காத்திருந்து வலிப்பு மருந்து தாமதமானால் அது நஷ்டம். ஆர்ஜினினும் முழுக்கச் சாது இல்லை: வேகமாக ஏற்றினால் ரத்த அழுத்தம் இறங்கும், ரத்தத்தில் அமிலமும் பொட்டாசியமும் ஏறலாம்.

வலிப்பு மருந்து என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சோடியம் வால்ப்ரோயேட் நம் ஊரில் மிகச் சாதாரணமாக எழுதப்படும் மாத்திரை, சிரப். பிஓஎல்ஜி என்ற ஜீன் பழுதான பிள்ளைகளுக்கு அது கல்லீரலைச் செயலிழக்கச் செய்து உயிரையே எடுக்கலாம். மைட்டோகாண்ட்ரியா நோய் என்று சந்தேகம் இருந்தாலே அவசரப் பிரிவில் அதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும். எந்த அமினோ அமிலம் கொடுக்கலாம் என்பதைவிட எந்த மருந்து கூடாது என்பது பல வீடுகளில் பெரிய உதவி.

ஆர்ஜினினுக்குப் பதில் சிட்ருலின் கொடுத்தால் நைட்ரிக் ஆக்ஸைடு இன்னும் நன்றாகக் கூடுகிறது என்று அமெரிக்காவின் பேலர் கல்லூரி ஆய்வுகள் காட்டின. தர்பூசணியில் சிட்ருலின் உண்டுதான், கிலோவுக்குச் சில கிராம். சித்திரை வெயிலுக்குச் சாப்பிடுங்கள், மருந்தென்று நினைத்து வேண்டாம்.

சிஸ்டீன் கதை கைக்குழந்தைகளுடையது, அதில் நேரம்தான் எல்லாம். டிஆர்எம்யு என்ற உட்கரு ஜீன், சில கடத்து ஆர்என்ஏக்களின் மேல் ஒரு கந்தக அணுவைப் பொருத்துகிறது. கந்தகம் வருவது சிஸ்டீனிலிருந்து. பெரியவர்களின் உடம்பு சிஸ்டீனைத் தானே செய்துகொள்ளும். பிறந்த சில மாதம் வரை குழந்தையின் கல்லீரலில் அதற்கான நொதி மந்தம். வெளியிலிருந்து வருவதை நம்பித்தான் குழந்தை இருக்கிறது. ஜீனும் பழுது, சிஸ்டீனும் பற்றாக்குறை என்று இரண்டும் சேர்கிற அந்தச் சில மாதங்களில்தான் கல்லீரல் திடீரென்று கைவிடுகிறது. அந்தக் கண்டத்தைத் தாண்டிய குழந்தைகளில் பலர் பிறகு நன்றாக வளர்கிறார்கள். ஆகவே அந்த இடைவெளியில் சிஸ்டீனையோ அதன் உருமாற்றமான என்-அசிட்டைல் சிஸ்டீனையோ கொடுத்துத் தாங்கிப் பிடிப்பது நியாயமான யோசனை. செல்களில் வேலை செய்கிறது, குழந்தைகளில் நல்ல பலன் கண்டவர்களின் விவரமும் வெளியாகியிருக்கிறது. பாராசிட்டமால் அதிகமாக விழுங்கியவர்களுக்குக் கல்லீரலைக் காக்கக் கொடுப்பதும் இதே என்-அசிட்டைல் சிஸ்டீன்தான். பெரியாஸ்பத்திரி எதிலும் இருக்கும், விலையும் கம்மி. இங்கே முட்டுக்கட்டை மருந்து இல்லை. கல்லீரல் கெட்ட கைக்குழந்தைக்கு ஜீன் பரிசோதனை செய்யலாம் என்று யாராவது முதல் வாரத்திலேயே நினைக்க வேண்டும்.

நினைப்பதற்குக் குடும்பக் கதை வேண்டும். கொங்குநாட்டில் அங்கேதான் ஒரு சிக்கல்.

கொங்கு வேளாளக் கவுண்டர் வீடுகளில் கல்யாணப் பேச்சு தொடங்கும்போது வரும் முதல் கேள்வி, "நீங்க என்ன கூட்டமுங்க?" காடை, அந்துவன், பயிரன் என்று கூட்டப் பெயர் அப்பன் வழியில் இறங்குகிறது; ஒரே கூட்டத்தில் பெண் எடுப்பதில்லை; குலதெய்வக் கோயிலில் கூடுவதும் பங்காளிகள். ஏழெட்டுத் தலைமுறைக் கதையைக் கூடச் சொல்லிவிடுவார்கள், அத்தனையும் ஆண் வழி. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நேர் எதிராகப் போகிறது: அம்முச்சியிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கு. அப்பனிடமிருந்து வருவதில்லை. தலைமுறைக்குத் தலைமுறை பெண் வேறு கூட்டத்துக்குப் போய்விடுவதால் இந்த வழியை யாரும் கோத்து வைத்துக்கொள்வதில்லை. "உங்க குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்துச்சுங்களா?" என்று டாக்டர் கேட்டால் அப்பா பங்காளி வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துவிட்டு இல்லை என்கிறார். கேட்க வேண்டியது அம்முச்சியைப் பற்றி, பெரியம்மா சின்னம்மா பிள்ளைகளைப் பற்றி, தாய்மாமனைப் பற்றி.

கேட்டால் வரும் பதிலும் நோய் மாதிரியே இருக்காது. 3243 மாற்றம் எல்லா செல்லிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. கொஞ்சம் இருந்தால் சர்க்கரை நோயும் காது மந்தமும் மட்டும் வரலாம். தாய்வழியில் வரும் இந்த ஜோடியை 1992-லேயே விவரித்துவிட்டார்கள். "அம்முச்சிக்கு நாப்பது வயசுலயே சர்க்கரைங்க, காதும் கேக்காது. மாமனுக்கும் அப்படித்தானுங்க." சர்க்கரை இல்லாத வீடே இல்லாத காலத்தில் இதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? ஆளும் பெரும்பாலும் ஒல்லியாக இருப்பார். இந்த வகைச் சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரையைப் பல நிபுணர்கள் தவிர்க்கிறார்கள், ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும் என்ற பயத்தால்.

பரிசோதனையிலும் ஒரு நுணுக்கம். 3243 மாற்றத்தின் விகிதம் ரத்தத்தில் வயதாக ஆகக் குறைந்துகொண்டே போகும். அம்முச்சியின் ரத்தத்தில் இல்லை என்று வரலாம். அவரது மூத்திரத்தில் உதிரும் செல்களில் இருக்கும். லாக்டிக் அமில அளவு (லாக்டேட்) பார்க்க ரத்தம் எடுக்கும்போது பிள்ளை கத்தி அழுதாலோ, கையைக் கட்டி நெடுநேரம் நரம்பு தேடினாலோ அளவு தானாக ஏறிவிடும். சாம்பல் மூடிக் குழாயில் எடுத்து ஐஸில் வைத்து உடனே லேபுக்குப் போக வேண்டிய ரத்தம் வெளியூர் கூரியரில் காத்திருந்தால், அந்த எண்ணை நம்ப முடியாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தாய்வழி என்று கேள்விப்பட்டதும் "அவங்கூட்டு வியாதி" என்று மருமகள் மேல் பழி போடும் வீடுகள் உண்டு. குழந்தைகளில் வரும் மைட்டோகாண்ட்ரியா நோய்களில் பெரும்பகுதி உட்கரு ஜீனால் வருவது. அதில் பலவற்றில் அப்பா ஒரு பிரதி, அம்மா ஒரு பிரதி, பங்கு சரிபாதி. சொந்தத்தில் கல்யாணம் இவற்றைத்தான் கூட்டுகிறது. தமிழ்நாட்டில் கால்வாசிக்கு மேற்பட்ட கல்யாணங்கள் உறவுக்குள் நடப்பவை என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மாற்றத்துக்கும் சொந்தக் கல்யாணத்துக்கும் சம்பந்தமே கிடையாது. மாமன் மகளைக் கட்டினால் அவள் மைட்டோகாண்ட்ரியா மாமனுடையது இல்லை, அத்தையுடையது. அப்பனிடமிருந்து அவளுக்கு எதுவும் வரவில்லை.

உட்கரு ஜீன் பக்கத்தில்தான் அமினோ அமில வைத்தியத்தின் அடுத்த வாசல் இருக்கிறது. அந்தந்தக் கடத்து ஆர்என்ஏவின் கையில் அதற்குரிய அமினோ அமிலத்தை ஏற்றிவிடும் நொதிகள் உண்டு. அவற்றுக்கு உட்கருவில் மொத்தம் 37 ஜீன்கள் (மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் 37 வேறு, இது வேறு). இவற்றில் ஒன்று பழுதானால் நொதியின் பிடி தளர்கிறது, முற்றாகப் போய்விடுவதில்லை. பிடி தளர்ந்த நொதியைச் சுற்றி அதே அமினோ அமிலத்தைக் குவித்துவிட்டால், தவறவிடுவது போக மீதி பிடிபடும் என்பது எண்ணம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் குழு 2021-இல் இதை நான்கு நோயாளிகளிடம் முயன்றது. ஐசோலியூசின் நொதி பழுதானவருக்கு ஐசோலியூசின், லியூசினுக்கு லியூசின், பினைல்அலனினுக்கு பினைல்அலனின், செரினுக்கு செரின். வளர்ச்சி, கற்றல், தொற்றைத் தாங்கும் சக்தி என்று ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒரு முன்னேற்றம் பதிவானது. மெதியோனின் நொதி பழுதாகி நுரையீரல் அடைபடும் நோய் இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவில் அடிக்கடி காணப்படுவது; அதற்கு மெதியோனின் கொடுத்துப் பாரீஸில் பார்த்த சோதனையும் நம்பிக்கை தந்தது.

நான் இங்கே கொஞ்சம் நிதானிக்கிறேன். இந்தச் சோதனைகளில் வந்தவை எல்லாம் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, செல்லின் பொதுவெளியில் வேலை செய்யும் நொதிகள். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வேலை செய்பவை வேறு ஜீன்கள். ஏற்கெனவே மூளையைப் பாதித்துவிட்ட நோய்களில் அமினோ அமிலம் மூளைக்குள்ளும், அங்கிருந்து மைட்டோகாண்ட்ரியாவின் இரட்டைச் சவ்வைத் தாண்டியும் போதிய அளவு போய்ச் சேர வேண்டும். பொதுவெளியில் கிடைத்த பலன் உள்ளே அப்படியே கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அளவும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவதல்ல. ஒன்றை மிகுதியாகக் கொடுத்தால் அதே வாசல் வழியாக மூளைக்குள் போகிற மற்ற அமினோ அமிலங்களுக்கு இடம் கிடைக்காமல் போகும். பினைல்அலனின் கூடினால் மூளைக்குக் கேடு என்பது பழைய பாடம். ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

கையில் ஜீன் ரிப்போர்ட் இருப்பவர்கள் அதிலுள்ள பெயரின் வாலைப் பார்க்கலாம். ஏஆர்எஸ் என்று முடிந்தால் இந்த நொதிக் குடும்பம். பெரும்பாலும், கடைசியில் 1 என்றால் பொதுவெளி, 2 என்றால் மைட்டோகாண்ட்ரியா. பெயருக்குப் பக்கத்தில் 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்ற வகையில் குறித்திருந்தால் அது இன்னும் நோய்க்காரணம் என்று தீரவில்லை. அப்பா அம்மா இருவரின் ரத்தத்தையும் பார்த்து, மாற்றம் எங்கிருந்து வந்தது என்று தெளிவாகாமல் அதை நம்பி எந்த அமினோ அமிலமும் தொடங்கக் கூடாது. ஒன்றும் கிடைக்கவில்லை என்று சில வருஷத்துக்கு முன் கைவிரித்த ரிப்போர்ட் என்றால், பிள்ளைக்கு மறுபடி ஊசி போடாமலே அதே தரவை லேபில் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். நோய் ஜீன்களின் பட்டியல் வருஷா வருஷம் நீள்கிறது, அன்றைக்குப் பெயர் தெரியாத மாற்றத்துக்கு இன்றைக்குப் பெயர் இருக்கலாம்.